மாரெங்கோவும் மரக்காணக் கரையும்

1. தோற்றுவாய்

புதுச்சேரியினின்று கடற்கரை வழியாக வடக்கு நோக்கிச் செல்வோர் காலாப்பேட்டையைக் கடந்தபின் கூனிமேடு, அனுமந்தை, மரக்காணம் என்னும் ஊர்களைக் காண்பர். ஒருபுறம் கடலும் மறுபுறம் கழிவெளியும் சூழ, இடையே பாத்தி பாத்தியாக உப்பளங்கள் விரிந்து கிடக்கும் நிலம் இது. சிறுபாணாற்றுப்படை போற்றும் ஓய்மாநாட்டு நல்லியக்கோடனின் எயிற்பட்டினம் மரக்காணமே என்பர் ஆராய்ச்சியாளர் பலர். உப்பேற்றிய வண்டிகளோடு செல்லும் உமணரை அப்பாட்டே காட்டுகின்றது. ஆதலின், இக்கரையின் வரலாற்றில் உப்பு அண்மையில் வந்து சேர்ந்த பொருளன்று. தொன்றுதொட்டு வரும் பொருளாகும்.

ஐரோப்பியர் வரவுக்குப் பின்னரும் இக்கரை வரலாற்றின் ஓரத்தில் ஒதுங்கி நிற்கவில்லை. பதினேழாம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் ஆங்கிலக் கும்பினியார் கூனிமேட்டில் வாணிகச் சாவடி ஒன்று வைத்திருந்தனர். மரக்காணத்திற்கு வடக்கேயுள்ள ஆலம்பரைக் கோட்டை பிரெஞ்சுக்காரர் கையிலிருந்து 1760இல் ஆங்கிலேயர்க்குச் சென்றது. இச்செய்திகளை நம் வரலாற்று நூல்கள் கூறுகின்றன. ஆயினும், 1761இல் புதுச்சேரி வீழ்ந்ததோடு பிரெஞ்சுக்காரர் கதை முடிந்துவிட்டதாகக் கொண்டு, அதன்பின் நிகழ்ந்தவற்றைச் சில வரிகளில் கடந்து செல்லும் போக்கே பெரும்பான்மையாக உள்ளது. நெப்போலியன் காலத்துப் போர்களோ ஐரோப்பிய வரலாற்றுப் பாடமாக மட்டுமே கற்பிக்கப்படுகின்றன.

நெப்போலியன் காலத்தில் ஆசுத்திரியப் படைக்கும் பிரெஞ்சுப் படைக்கும் இடையே நிகழ்ந்த போர்கள் இக்கரையின் நிலையை எவ்வாறு தொட்டன என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். இத்தாலியச் சமவெளியில் நிகழ்ந்த போருக்கும் அனுமந்தை உப்பளத்துக்கும் யாது தொடர்பு என வினவலாம். தொடர்பு உண்டு, அது நேரானதன்று, ஆயினும் உறுதியானது.

2. மாரெங்கோப் போர்

பிரெஞ்சுக் குடியரசு 1792 ஏப்பிரல் 20ஆம் நாள் ஆசுத்திரியாவின்மீது போர் அறிவித்தது. 1793 பெப்ருவரி முதல் நாள் இங்கிலாந்தின்மீதும் போர் அறிவித்தது. அன்றுதொட்டு ஆசுத்திரியாவும் இங்கிலாந்தும் ஒருபால் நின்றன. நிலத்தில் பிரெஞ்சுப் படையைத் தாங்கியது ஆசுத்திரியா. கடலில் அதனை அடக்கியது இங்கிலாந்து. ஆசுத்திரியாவின் போர்ச் செலவுக்கு இங்கிலாந்து கடனும் உதவித்தொகையும் தந்தது. இவ்விரு வேலைப் பிரிவினை நம் ஆய்வுக்கு அடிப்படையாகும்.

அப்போரின் முதல் ஆண்டிலேயே அதன் விளைவு இக்கரையை எட்டியது. கர்னல் பிரெய்த்துவெயிட்டு தலைமையில் சென்னைப் படை புதுச்சேரியை முற்றுகையிட, 1793 ஆகத்து 23ஆம் நாள் அந்நகர் அடிபணிந்தது.

1800ஆம் ஆண்டில், முதற் கான்சலாக இருந்த நெப்போலியன் ஆல்ப்சு மலையைக் கடந்து வட இத்தாலிக்குள் புகுந்தான். சூன் 14ஆம் நாள் அலெசாந்திரியா நகருக்கு அணித்தேயுள்ள மாரெங்கோ என்னும் சிற்றூரருகில் இரு படைகளும் கைகலந்தன. ஆசுத்திரியப் படைத்தலைவர் மெலாசு ஏறத்தாழ 30,000 வீரருடன் போர்மிதா ஆற்றைக் கடந்து வந்து தாக்கினார். பகைவர் அன்று போருக்கு எழார் எனக் கருதிப் படையின் ஒரு பகுதியை வேறு திசைகளில் அனுப்பியிருந்த நெப்போலியனிடம் காலையில் அதனினும் குறைந்த படையே இருந்தது. பிற்பகலில் பிரெஞ்சு அணிகள் பின்வாங்கின. வெற்றி தமதே எனக் கருதிய மெலாசு, எஞ்சிய வேலையைத் தம் துணைத்தலைவர்களிடம் விட்டுக் களத்தினின்று நீங்கினார்.

மாலை ஐந்து மணியளவில் நிலை மாறியது. வேறு திசைக்கு அனுப்பப்பட்டிருந்த தெசே என்னும் தளபதி தம் பிரிவுடன் திரும்பி வந்தார். மார்மோனின் பீரங்கிகள் அண்மையிலிருந்து சுட்டன. தெசே முன்னேறித் தாக்கிய பொழுதே குண்டு பாய்ந்து மாண்டார். அவ்வேளையில் இளைய கெல்லர்மன் குதிரைப்படையுடன் ஆசுத்திரிய அணியின் விலாவில் பாய்ந்தார். அணி குலைந்தது. மறுநாள் அலெசாந்திரியாவில் கையெழுத்தான உடன்படிக்கைப்படி ஆசுத்திரியப் படை மிஞ்சியோ ஆற்றுக்கு அப்பால் விலக ஒப்பியது. தோற்கவிருந்த போர் ஒரு மணி நேரத்தில் வெற்றியாயிற்று. நெப்போலியனது ஆட்சி பாரிசு நகரில் வேரூன்றியதும் இவ்வெற்றியாலேயே ஆகும்.

3. ஓகன்லிண்டனும் தெகானும்

மாரெங்கோ வெற்றி ஆசுத்திரியாவை இத்தாலியில் தளர்த்தியதேயன்றிப் போரை முடித்துவிடவில்லை. முடித்தது, அவ்வாண்டு திசம்பர் 3ஆம் நாள் பவேரியாவில் நிகழ்ந்த ஓகன்லிண்டன் போர். தளபதி மொரோவின் பிரெஞ்சுப் படை, இளவரசர் யோகானின் தலைமையில் வந்த ஆசுத்திரிய, பவேரியப் படைகளைப் பனி பெய்த காட்டுவழியில் எதிர்கொண்டு முறியடித்தது. காட்டினூடே சுற்றிச் சென்று பகைவரின் பின்புறத்தைத் தாக்கிய ரிசுபான்சு என்பாருக்குத் துணையாகச் சென்ற பிரிவின் தலைவர் சார்லசு தெகான். இப்பெயரை நினைவிற் கொள்க. புதுச்சேரிக்கு ஆளுநராக அனுப்பப்பட்டவர் இவரே.

இரு தோல்விகளாலும் தளர்ந்த ஆசுத்திரியா 1801 பெப்ருவரி 9ஆம் நாள் லூனேவில் உடன்படிக்கையில் கையெழுத்திட்டது. நிலத்தில் தனக்காகப் போர் செய்யத்தக்க பெருந்துணையை இழந்த இங்கிலாந்து, 1802 மார்ச்சுத் திங்களில் அமியேன் நகரில் பிரான்சுடன் அமைதி செய்துகொண்டது. இலங்கையின் கரையோரப் பகுதிகளைத் தன்னிடமே வைத்துக்கொண்ட இங்கிலாந்து, இந்தியாவில் கைப்பற்றிய பிரெஞ்சு இடங்களைத் திருப்பித் தர இசைந்தது. அவற்றுள் தலையாயது புதுச்சேரி.

இவ்விடத்தே காரணத்தொடர் தெளிவாகின்றது. மாரெங்கோவும் ஓகன்லிண்டனும் இன்றேல் லூனேவில் இல்லை. லூனேவில் இன்றேல் அமியேன் இல்லை. அமியேன் இன்றேல் புதுச்சேரியைத் திருப்பித் தருவதாக ஆங்கிலேயர் வாக்களித்திருக்க மாட்டார். புதுச்சேரியில் ஒரு பிரெஞ்சுப் படைவீரன்கூட இல்லாத காலத்தில், ஆசுத்திரியர் அடைந்த தோல்வியின் விலையாகப் புதுச்சேரி ஏட்டளவில் மீட்கப்பட்டது.

4. 1803 சூலை

இடையே தமிழகத்தின் அரசியல் நிலை மாறிவிட்டிருந்தது. 1799 மே 4ஆம் நாள் திப்பு சுல்தான் சீரங்கப்பட்டினத்தில் மாண்டார். எகிப்திலிருந்து அவருக்கு நெப்போலியன் எழுதிய மடல் அவர் கைக்குச் சேராமல் ஆங்கிலேயரிடமே அகப்பட்டது. 1801 சூலையில் ஆர்க்காட்டு நவாபின் ஆட்சியுரிமையைக் கும்பினி தன்வயப்படுத்திக்கொண்டது. மரக்காணமும் அனுமந்தையும் உள்ளிட்ட பகுதி கும்பினியின் நேராட்சிக்கு உட்பட்டது. இந்நிலையில் தலைமை ஆளுநர் வெல்லெசுலி, பிரெஞ்சுக்காரர் மீண்டும் காலூன்றுவதை விரும்பினாரல்லர். புதுச்சேரியை ஒப்படைப்பதைத் தாழ்த்திக்கொண்டே வந்தார்.

தெகானுக்கு 1803 சனவரியில் நெப்போலியன் தந்த அறிவுரை, அமைதியாக நடந்துகொண்டு இந்திய மன்னர்களின் உள்ளக் கிடக்கையை அறிந்து எழுதுமாறு கூறியது. மார்ச்சுத் திங்களில் கடற்படைத் தலைவர் லினுவாவின் கலங்கள் பிரெசுத்துத் துறைமுகத்தினின்று புறப்பட்டன. தலைமைக் கலம் 74 பீரங்கிகளைத் தாங்கியது. 1795இல் துலோன் துறையில் கடலில் இறக்கப்பட்ட பொழுது அதன் பெயர் ‘ழான் ழாக்கு ரூசோ’. 1802இல் அப்பெயர் நீக்கப்பட்டு ‘மாரெங்கோ’ எனப் புதுப்பெயர் சூட்டப்பட்டது. புரட்சிக்கு வித்திட்ட சிந்தனையாளரின் பெயர் போய், படைத்தலைவனின் வெற்றிப் பெயர் வந்தது பிரான்சின் அரசியல் மாற்றத்திற்கே சான்றாகும்.

‘பெல் பூல்’ என்னும் கலம் முந்திச் சென்று சூன் 16ஆம் நாள் புதுச்சேரியை அடைந்தது. நகரை ஏற்றுக்கொள்ள வந்த அதிகாரி பினோ அதில் வந்தார். அவரிடம் நகர் ஒப்படைக்கப்படவில்லை. சூலை 11ஆம் நாள் தெகானை ஏற்றிய மாரெங்கோ புதுச்சேரிக்கு எதிரே நங்கூரமிட்டது. நகரில் ஆங்கிலக் கொடியே பறந்துகொண்டிருந்தது. தெற்கே கடலூர்ப் பக்கத்தில் ஆங்கிலக் கடற்படைத் தலைவர் ரேய்னியரின் கலங்கள் நின்றன.

புதுச்சேரியின் கடல் இயல்பையும் இங்கு அறிதல் வேண்டும். அங்கு மூடிய துறைமுகம் இல்லை. பெருங்கலங்கள் கரைக்கு அப்பால் திறந்த கடலில் நிற்கும். ஆளும் சரக்கும் சலங்கு என்னும் படகுகளில் அலைகளைக் கடந்து கரைசேர வேண்டும். கடலில் வலிமை இல்லாதவனுக்கு அத்தகைய கரையில் இறங்கும் படை சிறை புகும் படையே ஆகும். தெகானும் லினுவாவும் இதனை நன்குணர்ந்திருந்தனர்.

சூலை 12ஆம் நாள் பிரான்சினின்று ‘பெலியே’ என்னும் சிறு கலம் விரைந்து வந்தது. போர் மூளும் நிலை தோன்றியுள்ளதெனவும், மொரீசியசுத் தீவுக்குச் செல்லுக எனவும் ஆணை கொணர்ந்தது. அன்றிரவே மாரெங்கோ ஆங்கிலேயர் அறியாவண்ணம் அகன்றது. கரையில் பினோவும் சிறு படையும் விடப்பட்டனர். ஐரோப்பாவில் மே மாதத்திலேயே போர் மூண்டிருந்தது. அச்செய்தி எட்டியபின், செப்டம்பரில் பினோ ஆங்கிலேயரிடம் சரணடைந்தார்.

மாரெங்கோ புதுச்சேரிக் கடலில் நின்றது இரண்டே நாள். ஆசுத்திரியரை வென்ற களத்தின் பெயரைத் தாங்கிய கலத்தில், ஆசுத்திரியரை வென்ற தளபதி ஒருவர் வந்தார். கரையில் கால்வைக்காமலே சென்றார். ஒரு குண்டும் வெடிக்கவில்லை. ஆயினும் சோழமண்டலக் கரையைப் பொறுத்தவரையில் நெப்போலியனின் இந்திய முயற்சி அவ்விரு நாளில் முடிவுற்றது என்றே கொள்ளல் வேண்டும்.

5. நிலவெற்றியும் நீர்த்தோல்வியும்

1803இல் கண்ட முரண்பாடு பின்னரும் தொடர்ந்தது. 1805 அக்டோபர் 20ஆம் நாள் ஊல்ம் நகரில் ஆசுத்திரியத் தளபதி மாக்கு தம் படையுடன் நெப்போலியனிடம் சரணடைந்தார். மறுநாள், அக்டோபர் 21இல், திரபால்கர் முனைக்கருகே பிரெஞ்சு, இசுபானியக் கடற்படைகளை நெல்சன் முறியடித்தார். நிலத்தில் ஒருநாளும் நீரில் மறுநாளும் விதி எழுதப்பட்டது. திசம்பர் 2ஆம் நாள் ஆசுத்தர்லிட்சில் ஆசுத்திரிய, உருசியப் படைகள் தோற்றன. 1806 மார்ச்சு 13ஆம் நாள் மாரெங்கோக் கலமே ஆங்கிலேயரிடம் அகப்பட்டது, லினுவாவும் சிறைப்பட்டார்.

1809 சூலை 5, 6 ஆகிய நாட்களில் வாகிராம் களத்தில் ஆசுத்திரியாவை நெப்போலியன் மீண்டும் வென்றான். முன்னர் ஆசுத்திரியாவின் பக்கம் நின்ற பவேரியா அப்பொழுது பிரான்சின் துணைநாடாக நின்று போரிட்டது. அவ்வெற்றியாலும் இந்தியக் கடலில் பிரெஞ்சுக்காரர்க்கு ஆக்கம் பிறக்கவில்லை. மொரீசியசில் தெகான் ஏழாண்டு தனித்து நின்றார். 1810இல் சென்னையிலிருந்து சென்ற படைகளும் கலந்த ஆங்கிலப் பெரும்படை அத்தீவில் இறங்கியது. திசம்பர் 3ஆம் நாள் தெகான் தீவை ஒப்படைத்தார். ஓகன்லிண்டன் காட்டில் அவர் வென்ற நாளும் அதுவே. இடைப்பட்டவை சரியாகப் பத்தாண்டுகள்.

இந்நிகழ்ச்சிகளால் போதருவது ஒன்று. ஆசுத்திரியாவின் தோல்வி இங்கிலாந்தைத் தனிமைப்படுத்த வல்லது. அத்தனிமையால் உடன்படிக்கையும் கிடைக்கும். ஆனால், உடன்படிக்கையால் கிடைத்த கரையைக் கைக்கொள்ளக் கடல் வேண்டும். அக்கடல் பிரான்சிடம் இல்லை.

6. உப்பில் எழுதப்பட்ட முடிவு

போரின் முடிவில் இக்கரை மக்கள் பெற்றது யாது என்பதே நாம் அடுத்து ஆராய வேண்டுவது. போர்க்களங்களை மட்டும் நோக்குவார்க்கு இதன் விடை புலனாகாது. உப்பளங்களை நோக்கின் புலனாகும்.

நவாபின் நாட்டைக் கைக்கொண்ட நான்காம் ஆண்டிலேயே, 1805இல், கும்பினி சென்னை மாகாணத்தில் உப்புத் தனியுரிமையை ஏற்படுத்தியது. கடல்நீரைப் பாத்தியில் தேக்கி வெயிலில் காய்ச்சி உப்பு எடுப்பவன், தான் விளைத்ததைத் தன் விருப்பம்போல் விற்கும் உரிமையை இழந்தான். விளைத்த உப்பு அரசுக்கே சேரல் வேண்டும். அரசு குறித்த விலையிலேயே மக்கள் வாங்கல் வேண்டும். மரக்காணக் கரையின் அளங்களும் இவ்விதிக்கு உட்பட்டன.

1814 மே 30ஆம் நாள் பாரிசு உடன்படிக்கை புதுச்சேரியைப் பிரான்சுக்கு மீண்டும் தருவதாகக் கூறியது. ஆனால், இந்தியாவில் கோட்டை கட்டலாகாது, காவலுக்கு வேண்டிய அளவுக்கு மேல் படை வைத்தலாகாது என்றும் அது விதித்தது. வாளைப் பறித்தபின் எஞ்சியது வாணிகம். அதிலும் உப்பு கும்பினிக்குப் பெருந்தலைவலியாக இருந்தது. பிரெஞ்சு ஊர்கள் ஒரே பரப்பாக அமையாமல், ஆங்கில ஊர்களுக்கிடையே திட்டுத் திட்டாகச் சிதறிக் கிடந்தன. காலாப்பேட்டை பிரெஞ்சுக்காரருடையது, அதற்கு வடக்கே அனுமந்தை ஆங்கிலேயருடையது. பிரெஞ்சு எல்லையில் தடையின்றி விளையும் உப்பு வரப்பைத் தாண்டி வந்துவிடின் கும்பினியின் தனியுரிமை நிலைபெறாது.

ஆகவே, 1815 மார்ச்சு 7ஆம் நாள் இலண்டனில் தனி உடன்படிக்கை ஒன்று செய்யப்பட்டது. இந்தியப் பிரெஞ்சு இடங்களில் விளையும் உப்பில், அவ்விடத்து மக்களின் தேவைக்குப் போக எஞ்சியதை வாங்கும் முழுவுரிமையையும் பிரான்சு கும்பினிக்கு விட்டுக்கொடுத்தது. அதற்கீடாகக் கும்பினி ஆண்டுதோறும் நான்கு இலட்சம் சிக்கா ரூபாய் தர இசைந்தது. எல்பாத் தீவினின்று தப்பிய நெப்போலியன், தன்னைத் தடுக்க வந்த படையையே தன்பால் ஈர்த்துக்கொண்டு கிரெனோபிள் நகருள் புகுந்த நாளும் அந்த மார்ச்சு 7ஆம் நாளே. ஐரோப்பா அவன்மீது கண் வைத்திருந்த அன்று, சோழமண்டலக் கரையின் உப்புக்கு இலண்டனில் விலை பேசி முடிக்கப்பட்டது.

1816 திசம்பர் 4ஆம் நாள் புதுச்சேரி பிரெஞ்சுக்காரரிடம் ஒப்படைக்கப்பட்டது. 1818 மே 13ஆம் நாள் செய்த மற்றோர் உடன்படிக்கையால் இக்கரைப் பிரெஞ்சு ஊர்களில் உப்பு விளைத்தலே நிறுத்தப்பட்டது. அளங்களின் உடைமையாளர்க்கு ஈடாக ஆண்டுக்கு 4,000 நட்சத்திர வராகன் தரக் கும்பினி ஒப்பியது. பிரெஞ்சு ஊர்களுக்கு வேண்டிய உப்பையும் தானே வழங்க ஏற்றது.

இதன் பொருள் நோக்கத்தக்கது. ஈட்டுத்தொகை அளத்தின் உடைமையாளர்க்கென விதிக்கப்பட்டது. பாத்தி மிதித்து, நீர் இறைத்து, உப்பு வாரிய கூலியாள் அவ்வுடன்படிக்கையில் இடம்பெறவில்லை. எல்லைக்கு வடக்கேயுள்ள அளக்காரன் தன் உப்பை விற்கும் உரிமையை 1805இல் இழந்தான். தெற்கேயுள்ளவன் உப்பு விளைக்கும் உரிமையையே 1818இல் இழந்தான். மாரெங்கோவில் தொடங்கிய காரணத்தொடர் இங்கே வந்து முடிகின்றது. 1930இல் வேதாரணியத்தில் இராசாசி தலைமையில் தொண்டர்கள் உப்பெடுத்தது, 1805இல் நிறுவப்பட்ட இத்தனியுரிமையின் வழிவந்த சட்டத்தை எதிர்த்தேயாகும்.

7. தமிழ்ச் சான்றுகளைப் பற்றி ஒரு குறிப்பு

பதினெட்டாம் நூற்றாண்டுப் புதுச்சேரிக்குத் தமிழில் கிடைத்துள்ள நாட்குறிப்புகள் வேறு எந்நகர்க்கும் கிட்டாத செல்வமாகும். ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு 1736 முதல் 1761 வரையும், இரண்டாம் வீராநாயக்கரின் நாட்குறிப்பு 1778 முதல் 1792 வரையும், முத்து விசய திருவேங்கடம் பிள்ளையின் நாட்குறிப்பு 1794 முதல் 1796 வரையும் அமைந்தவை. இவற்றுள் யாதொன்றும் 1803ஐ எட்டுவதன்று. துய்ப்ளேயின் நாளில் கப்பல் ஒன்று துறைக்கு வந்தால், அதன் பெயரும் சரக்கும் அதுபற்றிக் கடைத்தெருவில் எழுந்த பேச்சும் நமக்குத் தமிழில் கிடைக்கின்றன. மாரெங்கோ நின்ற இரு நாளுக்கோ இம்மூன்று ஏடுகளிலும் இடமில்லை. ஆகவே, அக்காலத்தை ஆராய்வார் அயலார் எழுத்தை மட்டும் நம்பி நில்லாமல், கும்பினியின் வருவாய்த்துறை ஆவணங்களையும், உப்பளம் பற்றிய ஊர்க்கணக்குகளையும், அளக்காரர் குடும்பங்களிலுள்ள பழம் பத்திரங்களையும் நாடுதல் வேண்டும். போர் வரலாற்றைப் பீரங்கிக் கணக்கால் எழுதுவது ஒரு முறை. உப்புக் கணக்கால் எழுதுவது மற்றொரு முறை. தமிழ்க் கரைக்குப் பின்னையதே பெரிதும் பொருந்தும்.

8. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பின்வருவன பெறப்படும். மாரெங்கோ, ஓகன்லிண்டன் ஆகிய களங்களில் ஆசுத்திரியர் அடைந்த தோல்வியே 1802இல் புதுச்சேரியைத் திருப்பித் தருவதாகிய வாக்குறுதிக்கு வழிகோலியது. கடல் வலிமை இன்மையால் 1803 சூலையில் அவ்வாக்குறுதி பயனற்றுப் போயிற்று. அதன்பின் ஆசுத்திரியாவின்மீது நெப்போலியன் பெற்ற வெற்றிகளுள் ஒன்றேனும் இக்கரையின் நிலையை மாற்றவில்லை. இறுதியில் வந்த அமைதி, இரு பேரரசுகளும் உப்பைத் தம்முள் பங்கிட்டுக்கொண்ட அமைதியாகவே இக்கரைக்கு வாய்த்தது.

மாரெங்கோப் போரில் மாண்ட தெசேக்கு ஐரோப்பாவில் நினைவுச் சின்னங்கள் உள. வரப்புக்கு அப்பாலிருந்த அளம் தூர்ந்ததனால் தொழிலிழந்த உப்புக் கூலியாளுக்குக் கல்லும் இல்லை, ஏடும் இல்லை. அவனையும் இப்போர்களின் வரலாற்றில் இடம்பெறச் செய்தல் தமிழ் வரலாற்று ஆராய்ச்சியின் கடனாகும்.